ஒட்டும் குணம்: லாக்டோஃபெரின் பிறந்த கதை

கோபன்ஹேகனில் பியர் காய்ச்சி விற்ற கார்ல்ஸ்பர்க் கம்பெனி 1875-இல் தனக்கென்று ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. காசு பியரில் வந்தது. ஆனால் அங்கே நடந்த வேதியியல் பியரோடு நின்றுவிடவில்லை. மீன்தொட்டி வைத்திருப்பவரும் மண் பரிசோதனை செய்பவரும் இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிற பிஹெச் என்ற அளவு 1909-இல் பிறந்தது அங்கேதான். அதைத் தந்தவர் எஸ்.பி.எல். சோரன்சன். அவரும் அவருடைய மனைவி மார்கரெத்தேயும் பால் தெளிநீரில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்து எழுதிய ஆய்வு 1939-இல் வெளிவந்தது. பாலைத் திரித்துப் பன்னீர் எடுத்தபின் சட்டியில் மிஞ்சுகிறதே, இளம்பச்சை ஓடிய மஞ்சள் நீர், அதுதான் தெளிநீர். அதில் ஒரு பகுதி சிவப்பாகப் பிரிந்து வந்ததை இருவரும் குறித்துவைத்தார்கள்.

பாலுக்குள் சிவப்பு. விநோதம்தான், ஆனால் அளவு மிகச் சொற்பம். பசும்பாலில் லிட்டருக்குச் சுமார் 0.1 கிராம். மொத்தப் புரதமே லிட்டருக்கு முப்பது கிராமுக்கு மேல் இருக்கும்போது இந்தத் துளியை யார் துரத்திக்கொண்டு போவார்கள்? சோரன்சன் அதே ஆண்டு காலமானார். ஐரோப்பாவில் போர் மூண்டது. சிவப்புப் பொருள் இருபது வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது.

1960-இல் மூன்று இடங்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அது மறுபடி தலைகாட்டியது. பிரான்சின் லீல் நகரில் ஜான் மோன்த்ரெய் குழுவும், ஸ்வீடனில் பெங்க்ட் யோஹான்சனும் தாய்ப்பாலிலிருந்து அதைத் தனியே எடுத்தார்கள். அமெரிக்காவில் குரோவ்ஸ் என்பவர் பசும்பாலிலிருந்து எடுத்தார். தாய்ப்பாலைக் கையில் எடுத்ததும் விஷயத்தின் கனம் மாறிவிட்டது. முதிர்ந்த தாய்ப்பாலில் இது லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் இருக்கிறது. பிரசவித்த முதல் சில நாட்களில் வரும் சீம்பாலில் ஐந்து கிராமையும் தாண்டுகிறது. பசுவுக்குத் துளி. மனிதக் குழந்தைக்கோ முதல் வாரத்திலேயே முன்வரிசைப் புரதம்.

லாக்டோஃபெரின் என்று பெயர் பெற்ற இந்தப் புரதத்தின் சிவப்புக்குக் காரணம் இரும்பு. ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது, ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு கார்பனேட்டையும் சேர்த்து. ரத்தத்தில் இரும்பைச் சுமந்து திரியும் டிரான்ஸ்ஃபெரினுக்கு இது நெருங்கிய உறவு. குணத்தில் மட்டும் ஒரு வித்தியாசம். சுற்றுப்புறம் கொஞ்சம் புளித்து பிஹெச் ஐந்தரை வாக்கில் இறங்கியதுமே டிரான்ஸ்ஃபெரின் கையை விட்டுவிடும். லாக்டோஃபெரினோ பிஹெச் மூன்றுவரை இறங்கினாலும் இரும்பை இறுகப் பிடித்திருக்கும்.

இப்படி இரும்போடு அறிமுகமான புரதம் அடுத்த முப்பது வருடமும் இரும்பின் பெயராலேயே அறியப்பட்டது. பெல்ஜியத்தில் மசோன், ஹெரெமான்ஸ் இருவரும் 1966-இல் இது பாலுக்கு மட்டும் சொந்தமில்லை என்று காட்டினார்கள். கண்ணீர், எச்சில், மூக்குச்சளி, மூச்சுக்குழாய்ச் சுரப்பு என்று உடலின் வெளிவாசல்கள் அத்தனையிலும் அது இருந்தது. 1969-இல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் பைகளுக்குள்ளும் அதைக் கண்டுபிடித்தார்கள். 1972-இல் இங்கிலாந்தில் புல்லன் குழு, தாய்ப்பால் ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியை அடக்குவதற்கும் அதிலுள்ள இந்த இரும்புப் பிடிப்பானுக்கும் தொடர்பு சொன்னது. பாக்டீரியா பெருக இரும்பு வேண்டும். லாக்டோஃபெரின் இரும்பைக் கவ்விக்கொள்கிறது, பாக்டீரியா பட்டினி கிடக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய விளக்கம் இது. எழுதியும் விட்டார்கள்.

விளக்கம் தப்பில்லை, பாதிதான். 1977-இல் அமெரிக்காவில் ஆர்னால்டும் சகாக்களும் லாக்டோஃபெரின் சில பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுப்பதோடு நிற்காமல் நேரடியாகக் கொல்லவும் செய்கிறது என்று காட்டினார்கள். பட்டினி போடுவது வேறு, கொல்வது வேறு. கொல்ல வேண்டுமானால் முதலில் தொட வேண்டும். இந்தப் புரதம் எதைத் தொடுகிறது, எதனால் தொடுகிறது என்ற கேள்வி அங்கே கிளம்பியது. என்னைக் கேட்டால் லாக்டோஃபெரின் உண்மையில் பிறந்தது சிவப்பைப் பார்த்த 1939-இல் அல்ல, அது ஒட்டுவதைக் கவனிக்கத் தொடங்கிய நாளில்தான்.

ஒட்டுவது என்றால் ஆய்வகத்தில் கெட்ட பெயர். ஒரு புரதத்தைச் சுத்தமாகப் பிரிக்க நினைப்பவருக்கு அது பக்கத்திலிருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். லாக்டோஃபெரின் அப்படித்தான் வந்தது. மாலையில் வயல் வரப்பில் நடந்து வந்தவர் வேட்டியில் நாயுருவி விதை ஒட்டியிருப்பதுபோல, அமிலத்தன்மை கொண்ட எந்தப் பெரிய மூலக்கூறு பக்கத்தில் போனாலும் அதில் ஏறிக்கொண்டது. டிஎன்ஏ-வில் ஒட்டியது. மற்றப் புரதங்களில் ஒட்டியது. 1971-இல் ஹெக்மன் என்ற ஆய்வாளர் இதையே ஒரு கட்டுரையாக்கினார். மின்புலத்தில் ஓடவிடும்போது லாக்டோஃபெரின் எவ்வளவு தூரம் ஓடும் என்பது, அதனுடன் எந்தப் புரதம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறியது. தொந்தரவாக நினைத்ததை ஒரு பண்பாக எழுதிவைத்த ஆரம்பகாலக் கட்டுரைகளில் அது ஒன்று.

காரணம் மின்சுமை. சோரன்சன் தந்த பிஹெச் அளவுகோலையே வைத்துச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு பிஹெச் உண்டு. அதில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சரிசமமாகி, மொத்தச் சுமை சுழியமாகிவிடும். கேசினுக்கு அது 4.6. எலுமிச்சை பிழிந்ததும் பால் திரிவது அந்த இடத்தை நெருங்குவதால்தான். தெளிநீரின் முக்கியப் புரதங்களுக்கும் அது நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில். பாலின் பிஹெச் 6.7 வாக்கில் இருப்பதால் இவை எல்லாம் பாலில் எதிர்மின்சுமையோடு மிதக்கின்றன. லாக்டோஃபெரினுக்கு அந்த எண் எட்டரையைத் தாண்டுகிறது. ஆகவே பாலிலும் ரத்தத்திலும் கண்ணீரிலும் அது நேர்மின்சுமையோடு இருக்கிறது. கூட்டமெல்லாம் ஒரு பக்கம், இது மறுபக்கம்.

தொழிற்சாலைக்காரர்கள் இதை முதலில் புரிந்துகொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். எதிர்மின்சுமை கொண்ட ரெசின் மணிகளின் மேல் கொழுப்பெடுத்த பாலையோ தெளிநீரையோ ஓட விட்டால், மற்றப் புரதங்கள் நிற்காமல் ஓடிவிடும். லாக்டோஃபெரினும் அதே குணமுள்ள ஒன்றிரண்டு புரதங்களும் மட்டும் தங்கும். பிறகு உப்புநீரை ஏற்றிக் கழுவினால் இளஞ்சிவப்பாக இறங்கும். உலர்த்தினால் ரோஸ் நிறப் பொடி. பசும்பாலில் இருக்கும் அளவைப் பார்த்தால் ஒரு கிலோ பொடிக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் லிட்டர் பால் வேண்டும். 1986-இல் ஜப்பானின் மோரினாகா நிறுவனம் இதைக் குழந்தைப் பால்மாவில் சேர்த்து விற்கத் தொடங்கியது. இன்றும் பாலிலிருந்து பொடி பெரும்பாலும் இந்த ரெசின் வழியில்தான் எடுக்கப்படுகிறது.

உயிரியல் பக்கம் வந்தால், கதையைத் திருப்பிய பொருள் ஹெபாரின். 1916-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், வில்லியம் ஹொவெல்லின் ஆய்வகத்தில் ரத்தம் உறையச் செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கையில் சிக்கியதோ உறையவிடாத பொருள். அந்த வழியில் பிறந்ததுதான் ஹெபாரின். இன்று டயாலிசிஸ் அறையிலும் இதய அறுவை அரங்கிலும் அது இல்லாமல் வேலை நடக்காது. வேதியியலில் அது ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. இரண்டு இரண்டு சர்க்கரையாகக் கோத்து, வழிநெடுக சல்ஃபேட் தொகுதிகளைச் செருகியிருக்கும். ஒவ்வொரு சல்ஃபேட்டுக்கும் ஓர் எதிர்மின்சுமை. உடல் செய்கிற மூலக்கூறுகளில் எதிர்மின்சுமை இவ்வளவு நெருக்கமாக இருப்பது வேறொன்றில் அரிது.

1980-இல் ஸ்வீடனின் உமியோ நகரில் பிளாக்பெர்க், ஹெர்னெல் இருவரும் ஹெபாரின் பூட்டிய மணிகளைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, தாய்ப்பால் தெளிநீரை அதன் வழியே விட்டார்கள். லாக்டோஃபெரின் அதில் பிடித்துக்கொண்டது. உப்பை ஏற்றியதும் சுத்தமாக இறங்கியது. பல நாள் வேலையாக இருந்த பிரிப்பு ஒரே படியில் முடிந்தது. கட்டுரையின் நோக்கம் பிரிக்கும் வழியைச் சொல்வது, அவ்வளவே. ஆனால் அந்தக் குழாயில் நடந்ததுதான் நம் உடலிலும் நடக்கிறது. ஏனென்றால் ஹெபாரினின் உடன்பிறப்பு ஒன்று நம்முடைய ஏறக்குறைய எல்லாச் செல்களின் மேலும் இருக்கிறது. ஹெபரான் சல்ஃபேட் என்று பெயர். ஹெபாரினைவிட சல்ஃபேட் கொஞ்சம் குறைவு, சங்கிலியின் அமைப்பு ஒன்றேதான்.

செல்லின் ஓரத்தை நெருங்கிப் பார்ப்போம். பாடப்புத்தகப் படங்களில் செல் வழவழப்பான ஒரு பை. நிஜத்தில் அந்தப் பையின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து நிற்கின்றன. சவ்வில் ஊன்றி நிற்கும் சிண்டெகன், கிளைபிகன் போன்ற புரதங்களிலிருந்து இந்தச் சங்கிலிகள் வெளிப்புறமாக நீண்டு தொங்குகின்றன. சங்கிலி நெடுக சல்ஃபேட் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் கொத்தாக, இடையிடையே வெறுமையாக. வெளியிலிருந்து வருகிற எதுவும், ஹார்மோனோ வளர்ச்சிக் காரணியோ வைரஸோ, செல்லின் சவ்வைத் தொடுவதற்கு முன்னால் இந்த அடர்த்தியைத்தான் தொட வேண்டும்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் லாக்டோஃபெரினை வெள்ளணுக்கள், ஈரல் செல்கள், குடல் செல்கள் என்று எதன்மேல் போட்டாலும் ஒட்டியது. ஒட்டியதும் எல்லோரும் ‘ஏற்பி கண்டோம்’ என்று எழுதினார்கள். கணக்கு மட்டும் உதைத்தது. ஓர் ஏற்பி என்றால் செல்லுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும், மிஞ்சினால் லட்சம் வரும். லாக்டோஃபெரின் ஒட்டிய இடங்களோ சில செல்களில் லட்சங்களைத் தாண்டி எங்கேயோ போயின. ஒரே ஒரு புரதத்துக்காக எந்தச் செல்லும் அத்தனை கதவு வைத்துக்கொள்ளாது. அது கதவில்லை, சுவரே ஒட்டுகிறது என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம். சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் புரதத்தின் எந்தப் பகுதி ஒட்டுகிறது என்று தெரியாமல் அதற்குமேல் நகர முடியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ளப் புரதத்தின் எழுத்துவரிசை வேண்டும். 1984-இல் மெட்ஸ்-பூதிக் முதலான பிரெஞ்சு ஆய்வாளர்கள், மோன்த்ரெய் உட்பட, மனித லாக்டோஃபெரினின் முழு அமினோ அமில வரிசையைப் படித்து முடித்தார்கள். எழுநூறுக்குச் சற்றுக் குறைவான அமினோ அமிலங்கள். வரிசையின் தொடக்கத்தைப் பார்த்தால் அப்போதே யாருக்கும் கண் விரிந்திருக்கும். முதலில் ஒரு கிளைசின். அடுத்து ஆர்ஜினின். மறுபடி ஆர்ஜினின். இன்னொரு ஆர்ஜினின். இன்னுமொன்று. நான்கும் அடுத்தடுத்து. இருபது அமினோ அமிலங்களில் நேர்மின்சுமையை விடாப்பிடியாக வைத்திருப்பது ஆர்ஜினின்தான். அது நான்கு ஒரே முனையில் வரிசைகட்டி நின்றால் எதிர்மின்சுமை உள்ள எதுவும் அந்த முனையைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் வரிசை என்பது நூல். நூல் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் எது வெளியே நிற்கிறது என்று சொல்ல முடியும். அதை நியூசிலாந்தின் பால்மர்ஸ்டன் நார்த் நகரில், மாசி பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் பேக்கர் குழு 1987-இல் காட்டியது. படிகத்தில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி எடுத்த வடிவம். பால் பொருளாதாரத்தையே நம்பி வாழும் நாட்டில் பால் புரதத்தின் உருவம் வெளியானது பொருத்தம்தான். இரண்டு மடல்கள், ஒவ்வொரு மடலின் நடுவிலும் ஒரு பிளவு, பிளவுக்குள் ஓர் இரும்பு. 1990-இல் இரும்பில்லாத வடிவத்தையும் எடுத்தார்கள். இரும்பு போனதும் முதல் மடலின் ஒரு பாதி 53 டிகிரி திரும்பி வாயைத் திறக்கிறது. நேச்சர் இதழில் வந்த அந்தப் படம் இரும்புக் கதையின் உச்சம். எல்லோருடைய கண்ணும் அந்தப் பிளவிலேயே இருந்தது. ஆர்ஜினின் வாலோ புரதத்தின் வெளிப்புறத்தில், பிளவுக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

1994-இல் மான், ராம், மிக்லியோரினி என்ற மூவர் அந்த ஓரத்துக்கு வந்தார்கள். லாக்டோஃபெரினின் துண்டுகளை ஹெபாரினோடு மோதவிட்டுப் பார்த்ததில் இரண்டு இடங்கள் தேறின. ஒன்று அந்த நான்கு ஆர்ஜினின் முனை. இன்னொன்று வரிசையில் 28-ஆவது இடத்திலிருந்து தொடங்கும் ஒரு சிறு பகுதி. அங்கேயும் ஆர்ஜினினும் லைசினும் கலந்து நிற்கின்றன. நூலில் தள்ளித் தள்ளி இருக்கும் இவை இரண்டும் புரதம் சுருண்டபின் அக்கம்பக்கத்தில் வந்து ஒரு நேர்மின் பள்ளத்தை உண்டாக்குகின்றன. சர்க்கரைச் சங்கிலி வந்து படுத்துக்கொள்வது அதில்தான்.

இந்த இடத்தில் ஒரு காளை மாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். நெதர்லாந்தின் லைடன் நகரைச் சேர்ந்த ஒரு மரபணு கம்பெனிக்கு மனித லாக்டோஃபெரின் டன் கணக்கில் வேண்டியிருந்தது. தாய்ப்பாலை டன் கணக்கில் கறக்க முடியாது. ஆகவே மனித லாக்டோஃபெரின் மரபணுவைப் பசுவின் கருவில் புகுத்தினார்கள். 1990 டிசம்பரில் பிறந்தது கன்றுக்குட்டி. ஆனால் காளைக்கன்று! ஹெர்மன் என்று பெயர் வைத்தார்கள். பால் தராத காளைக்குப் பால் புரதத்தின் மரபணு. அதை இனப்பெருக்கத்துக்கு விடலாமா என்று டச்சு நாடாளுமன்றம் வரை வாதம் நடந்தது. கடைசியில் விட்டார்கள், கன்றுகள் பிறந்தன. ஹெர்மன் 2004-இல் இறந்தது. பாடம்செய்த அதன் உடல் லைடனின் நேச்சுராலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹெர்மனால் அறிவியலுக்கு நேரடியாகக் கிடைத்தது அதிகமில்லை. ஆனால் மனித லாக்டோஃபெரினைச் செயற்கையாகச் செய்ய நினைத்தவர்களுக்கு, தாங்கள் செய்தது அசலைப்போல நடக்கிறதா என்று சரிபார்க்கும் கட்டாயம் இருந்தது. அந்தக் கட்டாயத்தில் பிறந்தது வான் பெர்க்கெல் குழுவின் 1997-ஆம் ஆண்டுக் கட்டுரை. இந்தப் புரதத்தைப் பற்றிய எழுத்துகளில் எனக்குப் பிடித்ததும் அதுதான். பாலில் இயற்கையாகவே நொதிகள் லாக்டோஃபெரினின் முனையை அங்கங்கே கடித்துவிடுகின்றன. அதனால் முழு முனை உள்ளது, முதல் இரண்டு எழுத்து போனது, மூன்று போனது என்று பல வடிவங்கள் கிடைக்கும். அவற்றைத் தனித்தனியே பிரித்தார்கள். முதல் ஐந்து எழுத்தும் இல்லாத ஒன்றைச் செல்களில் புதிதாகச் செய்தார்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஹெபாரின்மேல் விட்டார்கள்.

முதல் இரண்டு எழுத்து போனால், அதாவது ஒரே ஒரு ஆர்ஜினின் போனால், ஹெபாரின் மீதான பிடி பாதியாகக் குறைந்தது. இன்னொரு ஆர்ஜினின் போனால் இன்னும் தளர்ந்தது. நான்கும் இல்லாத வடிவம் ஒட்டவே இல்லை. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்பிட் ஏ, டிஎன்ஏ இரண்டிலும் கதை அதேதான். எண்பதாயிரம் டால்டன் எடையுள்ள புரதம், ஒட்டும் வேலையை முனையிலுள்ள நான்கு அமினோ அமிலங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. அதே கட்டுரையில் போகிற போக்கில் இன்னொன்றும் இருக்கிறது. இரும்பு நிறைந்த லாக்டோஃபெரினும் நிறையாததும் சமமாகவே ஒட்டின. அறுபது வருடம் எதை வைத்து இந்தப் புரதத்தை அடையாளம் கண்டார்களோ, அந்தச் சிவப்புக்கும் இந்த ஒட்டலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஏன் ஆர்ஜினின்? லைசினுக்கும் நேர்மின்சுமை உண்டே? ஆர்ஜினினின் நுனி தட்டையானது, மூன்று நைட்ரஜன்கள் கொண்டது. சல்ஃபேட்டின் முன்னால் வந்து நின்றால் மின்கவர்ச்சியோடு சேர்த்து ஹைட்ரஜன் பிணைப்புகளையும் போட்டுக்கொள்ளும். லைசினின் நுனியில் ஒரே ஒரு நைட்ரஜன், அது கவர்ச்சியை மட்டுமே பெரிதும் நம்பியிருக்கிறது. அதனால் சல்ஃபேட்டை ஆர்ஜினின் கூடுதல் இறுக்கமாகப் பிடிக்கும். ஆனாலும் இது விலக்க முடியாத பிடி இல்லை. உப்பைக் கூட்டினால் சோடியமும் குளோரைடும் இரு பக்கமும் புகுந்து மின்சுமைகளை மறைத்துவிடும், புரதம் கழன்றுவிடும். குழாயிலிருந்து அதை இறக்கியதும் இந்த உப்புதான். நம் உடலில் உள்ள உப்போ அதற்குப் போதாது. ஆகவே உடலுக்குள் லாக்டோஃபெரின் சங்கிலியிலிருந்து சங்கிலிக்குத் தாவினாலும் செல்லை விட்டு எளிதில் விலகுவதில்லை.

அப்படியானால் எண்பதுகளில் கண்ட ஏற்பிகள் எல்லாம் மாயையா? இல்லை. 1997-இலேயே லீல் நகரின் லெக்ராண்ட் குழு, இந்த ஆர்ஜினின்கள் சல்ஃபேட் மூலக்கூறுகளோடு உறவாடுகின்றன, ஆனால் ஜுர்காட் என்ற டி-செல்வகையின் மேலுள்ள ஏற்பியோடு உறவாடவில்லை என்று காட்டியது. அதற்கு முன்பே ஈரல் செல்களில் ஒரு சோதனை நடந்திருந்தது. முனையின் பதினான்கு அமினோ அமிலங்களை வெட்டியெடுத்த லாக்டோஃபெரின் ஈரல் செல்லில் முன்னைவிட இறுக்கமாக ஒட்டியது. ஆர்ஜினின் போனால் ஒட்டல் போக வேண்டும், இங்கே கூடியது. முதலில் படிக்கையில் குழப்பம் வருவது நியாயம். விஷயம் இரண்டு அடுக்கு. மேலடுக்கில் எண்ணற்ற சல்ஃபேட் இடங்கள், தளர்ந்த பிடி. கீழே எண்ணிக்கையில் குறைந்த, பிடியில் இறுகிய உண்மையான ஏற்பிகள். ஈரலில் அது கொழுப்புத் துகள்களை வாங்கும் எல்ஆர்பி, வேறு செல்களில் நியூக்ளியோலின் என்று இடத்துக்கு ஓர் ஆள். சங்கிலிகள் லாக்டோஃபெரினைச் செல்லின் ஓரத்தில் குவித்து வைக்கின்றன, ஏற்பிகள் அங்கிருந்து உள்ளே வாங்குகின்றன. மேலடுக்கின் பிடியை அறுத்ததும் எண்ணற்ற தளர்ந்த ஒட்டல்கள் விழுந்து கீழடுக்கு மட்டும் தெரிந்தது.

இந்த மேலடுக்கு ஒட்டலால் உடலுக்கு என்ன லாபம் என்பதற்கு ஹெர்பிஸ் வைரஸ் ஒரு பதில் தந்தது. 1989-இல் சிகாகோவில் வுடன், ஸ்பியர் இருவரும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் செல்லில் முதலில் கால்வைப்பது ஹெபரான் சல்ஃபேட்டில்தான் என்று காட்டினார்கள். வைரஸ் இறங்கும் இடமும் லாக்டோஃபெரின் உட்காரும் இடமும் ஒன்று. தொண்ணூறுகளில் ஜப்பானிலும் இத்தாலியிலும் ஆய்வகத் தட்டுகளில் சோதித்தார்கள். வைரஸுக்கு முன்போ வைரஸோடு சேர்த்தோ லாக்டோஃபெரினைப் போட்டால் தொற்று குறைந்தது. வைரஸ் உள்ளே போன பிறகு போட்டால் பெரிய பலன் இல்லை. வாசலில் இடம்பிடிப்பவரிடம் வீட்டுக்குள் வந்துவிட்டவனைப் பிடிக்கச் சொல்ல முடியாது அல்லவா. கொரோனா காலத்தில் புதிய வைரஸும் ஹெபரான் சல்ஃபேட்டைத் தொட்டுத்தான் ஏறுகிறது என்று 2020-இல் தெரிந்ததும் லாக்டோஃபெரின் மாத்திரைகளின் விற்பனைக்காரர்கள் சுறுசுறுப்பானார்கள். தட்டில் தடுத்தது உண்மை. மனிதரிடம் அது நோயைத் தடுக்கிறது என்று நிரூபணமாகவில்லை. தட்டுக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்தப் புரதத்தின் விளம்பரங்கள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன.

அந்தத் தூரம் எவ்வளவு என்பதைக் குறைமாதக் குழந்தைகள் காட்டினார்கள். 2009-இல் இத்தாலியில், ஒன்றரைக் கிலோவுக்குக் கீழ்ப்பட்ட எடையில் பிறந்த 472 குழந்தைகளிடம் மாட்டு லாக்டோஃபெரினைப் பாலில் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காத குழுவில் 17.3 சதவீதக் குழந்தைகளுக்கு ரத்தத் தொற்று வந்தது, கொடுத்த குழுவில் 5.9. உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிரிட்டனில் 2203 குழந்தைகளோடு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2019-இல் வந்தபோது, கொடுத்தவர்களில் 29 சதவீதம், கொடுக்காதவர்களில் 31 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம். தாயின் சீம்பாலில் கிராம் கணக்கில் இருக்கும் மனிதப் புரதமும், தெளிநீரிலிருந்து பிரித்து உலர்த்திய மாட்டுப் புரதமும் ஒன்றல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. மாட்டு லாக்டோஃபெரினின் முனையில் நான்கு ஆர்ஜினின்கள் அடுத்தடுத்து இல்லை. அதன் நேர்மின்சுமைகள் வேறு அடுக்கில் நிற்கின்றன. பிரிட்டன் முடிவுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஒட்டும் குணம் உடலுக்கு மட்டுமே விசுவாசமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நம் ஆசைதான். மூளைக்காய்ச்சல் கிருமியான நைசீரியா, தன் மேற்பரப்பில் லாக்டோஃபெரினைப் பிடிப்பதற்கென்றே புரதங்களை வைத்திருக்கிறது. பாக்டீரியாவைப் பட்டினி போட வேண்டிய இரும்பை அது லாக்டோஃபெரினிடமிருந்தே உருவிக்கொள்கிறது. இதையும் மிஞ்சியது அடினோவைரஸ். 2007-இல் உமியோவில், ஹெபாரின் குழாயில் லாக்டோஃபெரினைப் பிரித்த அதே ஊரில், வேறொரு குழு குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சல் தரும் அடினோவைரஸ்களோடு கண்ணீரைக் கலந்து செல்களில் விட்டது. தொற்று குறையவில்லை, கூடியது. கண்ணீரில் இருந்து வேலை பார்த்தது லாக்டோஃபெரின். ஒரு பக்கம் வைரஸையும் மறுபக்கம் செல்லையும் பிடித்து, வைரஸுக்கு அது வழக்கமான ஏற்பி இல்லாமலேயே ஏறும் பாலமாகிவிட்டது. பின்னர் 2020-இல் அதே ஊர்க்காரர்கள், வைரஸ் பிடிப்பது லாக்டோஃபெரினின் எந்தத் துண்டை என்று தேடினார்கள். முதல் 49 அமினோ அமிலங்களே போதுமானதாக இருந்தன. வைரஸின் ஓட்டிலுள்ள ஹெக்சான் புரதத்தில் எதிர்மின்சுமை நிறைந்த ஒரு மடிப்பு இருக்கிறது. நான்கு ஆர்ஜினின்கள் இருக்கும் அந்த முனைத் துண்டு போய்ச் சேர்வது அதில்தான்.